ரோடு காலியாத்தான் இருக்கு, வளைவுக்கு அந்தப் பக்கம்?

"என்னண்ணி, ரோடு காலியா கிடக்கு, நீங்க இப்படி உருட்டிட்டுப் போறீங்க?" இது என் கொழுந்தன் கேட்டது. போன பொங்கலுக்கு அம்மா ஊருக்குப் போறப்ப பின் சீட்டுல உக்காந்துட்டு கேட்டான். கிண்டலா கேக்கல, நிஜமாவே அவனுக்குப் புரியல. படாளத்துல ஹைவேய விட்டுத் திரும்பி வேடந்தாங்கல் தாண்டினதுக்கப்புறம் வர்ற ரோடு அது, புதுசா தார் போட்டு வழவழன்னு இருந்துச்சு, முன்னாடியும் பின்னாடியும் ஒரு வண்டி இல்ல, நான் நாப்பதுல போயிட்டிருந்தேன், ஏரிக்கரை வளைவுகள்ல அதுவும் இல்லாம இருபத்தஞ்சுக்கு இறக்கினேன். பக்கத்துல இருந்த அத்தை "அவ எப்பவுமே நிதானம்தான்பா"ன்னு சொன்னாங்க, அதுல பாராட்டு பாதி, பொம்பள ஓட்டுனா இப்படித்தான்ங்கறது பாதி. நான் அப்ப ஒண்ணும் சொல்லல, ஏன்னா சட்டுன்னு சொல்ல ஒரு பதில் என்கிட்ட இல்ல. பயமா இருக்குன்னு சொல்லலாம், ஆனா எனக்குப் பயம் இல்ல. ஜிஎஸ்டி ரோட்ல நான் எல்லாரோடவும் சேந்து வேகமாத்தான் போறேன். அப்ப ஏன் இந்த ரோட்ல மட்டும் என் கால் தானா பிரேக் மேல போகுது? இதுக்கு ஒழுங்கா ஒரு பதில் கண்டுபிடிக்கணும்னு தோணுச்சு, அதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல நம்ம ஆளுங்க இந்த மாதிரி ரோட்ட எப்படிப் பாக்கறாங்கன்னு சொல்லணும். சென்னையிலருந்து கிளம்பற எந்தக் குடும்பமும் பெருங்களத்தூர்ல நிக்கும், சிங்கப்பெருமாள் கோயில்ல நிக்கும், டோல்ல நிக்கும். பண்டிகை நாள்னா கேக்கவே வேணாம். அங்கெல்லாம் நிக்கறப்ப யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, பாட்டு போட்டுட்டு பொறுமையா நிப்பாங்க. ஆனா அந்த லேட்ட எல்லாம் எங்கயாவது சரிக்கட்டணும்னு ஒரு கணக்கு மனசுல ஓடிட்டே இருக்கும், அந்தக் கணக்கத் தீக்கற இடமா நமக்குக் கிடைக்கறது கிராமத்து ரோடுதான். சிக்னல் இல்ல, போலீஸ் இல்ல, கேமரா இல்ல, வண்டியும் இல்ல. மிதிக்கறதுதான்.

அதுல எவ்ளோ நேரம் மிச்சமாகும்னு பாத்தா வருத்தமாத்தான் இருக்கும். மெயின் ரோட்லருந்து எங்க ஊர் பத்து கிலோமீட்டர்னு வெச்சுக்குங்க. ஒரே சீரா அறுபதுல போனா 10 நிமிஷம், நாப்பதுல போனா 15 நிமிஷம். வித்தியாசம் அஞ்சு நிமிஷம். அதுவும் நடுவுல ஒரு ஆட்டு மந்தை குறுக்க வரலன்னாதான்.

ஏரி வளைஞ்சா ரோடும் வளையும்

எங்க பக்கத்து ரோடு ஏன் இப்படி நெளியுதுன்னு சின்ன வயசுல நான் யோசிச்சதே இல்ல. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ரெண்டும் ஏரி மாவட்டம்னு பேர் வாங்கின ஊருங்க. மதுராந்தகம் ஏரி எல்லாருக்கும் தெரியும். உத்திரமேரூர் ஏரிக்கு வைரமேகத் தடாகம்னு பல்லவர் காலத்துப் பேரே இருக்கு. இதுபோக ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பெரிய ஏரி, ஒரு சித்தேரி. தண்ணி நிக்கணும்னா கரை மேட்டோட போக்குக்குத் தகுந்தாப்பல வளைஞ்சுதான் போகணும். அந்தக் கரை மேலயோ கரையை ஒட்டியோதான் மாட்டு வண்டிப் பாதை போச்சு, இல்லன்னா யாரோட நிலத்தயும் வெட்டாம வரப்பு ஓரமா திரும்பித் திரும்பிப் போச்சு. அந்தப் பாதை மேல கப்பி போட்டாங்க, அப்புறம் தார் போட்டாங்க, 2000த்துல பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் வந்ததுக்கப்புறம் நாடு முழுக்க இந்த மாதிரி நிறைய ரோடு நல்லாவே ஆச்சு. அதுல எனக்கு ரொம்ப சந்தோஷம், பிரசவ வலியோட குண்டும் குழியுமான ரோட்ல போனவங்களக் கேட்டா தெரியும் நல்ல ரோடுன்னா என்னன்னு. ஆனா மேல இருக்கற தார் மாறுச்சே தவிர வளைவு மாறல. மாட்டு வண்டி திரும்பின அதே வளைவுலதான் இப்ப எஸ்யூவி திரும்புது.

முன்னாடி அந்த ரோட்ல வேகத்தைக் கட்டுப்படுத்தினது பள்ளம்தான். முப்பதுக்கு மேல போனா அச்சு முறிஞ்சிடும். பள்ளத்தை மூடினோம், நியாயம்தான், ஆனா பள்ளம் பாத்துட்டிருந்த வேலைய யார் பாக்கணும்னு யாரும் யோசிக்கல. வளைவுக்கு முன்னாடி ஒரு போர்டு இல்ல, அம்புக்குறி போட்ட மஞ்சள் கறுப்புப் பலகை இல்ல, ராத்திரியில மின்னற ஸ்டட் இல்ல. ரோடு ஓரத்துல புளியமரம் இருக்கு, அதுல எப்பவோ அடிச்ச வெள்ளை பெயின்ட்டு பாதி உரிஞ்சு கிடக்கு, அவ்ளோதான் எச்சரிக்கை.

மலை ரோட்ல இப்படி இல்லைங்கறதையும் கவனிக்கணும். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு, சேலத்துலருந்து ஏற்காடு ஏறினா 20, கொல்லிமலைக்கு 70. ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் போட்டு வெச்சிருப்பாங்க. ஊட்டியிலருந்து மசினகுடிக்கு இறங்கற கல்லட்டி ரோட்ல 36 வளைவு, இறக்கம் அவ்ளோ செங்குத்து, பிரேக்கையே நம்பி இறங்கினா சூடாகி பிடிக்காமப் போயிடும், அதனாலதான் அந்த வழியா வெளி மாவட்ட வண்டிங்க கீழ இறங்கக்கூடாதுன்னே கட்டுப்பாடு போட்டாங்க. மலையில பள்ளத்தாக்கு கண்ணுக்குத் தெரியுது, அதனால எல்லாருக்கும் வயித்தக் கலக்குது, எல்லாரும் ஹாரன் அடிச்சு, கியரைக் குறைச்சு, ஏறுற வண்டிக்கு வழி விட்டு போறாங்க. சமவெளி வளைவுல பள்ளத்தாக்கு இல்ல. ஒரு பக்கம் நெல்லு வயல், இன்னொரு பக்கம் சீமைக்கருவேலம். பாக்க ரொம்ப சாதுவா இருக்கு. எனக்குப் பயமே இந்த சாதுவான தோற்றத்தப் பாத்துதான்.

எங்க ஊர் ஏரிக்கரை வளைவுல, ரோடு புதுசா போட்டதுக்கப்புறம், விடியக்காலையில பால் ஊத்தப் போன ஒருத்தர் மேல ஒரு கார் மோதிடுச்சு. சைக்கிள்ல போனவர். சீசன்ங்கறதால பறவை பாக்க சீக்கிரமே கிளம்பி வந்த வண்டி. 108 வந்துச்சு, உயிர் பொழச்சார், கால்ல பிளேட் வெச்சிருக்காங்க. காரை ஓட்டுன பையன் கெட்டவன் இல்ல, குடிக்கல, இறங்கி ஓடல, அவனே தூக்கி உக்கார வெச்சு போன் பண்ணிருக்கான். "ரோட்ல யாருமே இல்லங்க, திடீர்னு வந்துட்டார்"னு அழுதானாம். இந்த வார்த்தைய கேட்டதும் எனக்கு என் கொழுந்தன் கேட்டதுதான் ஞாபகம் வந்துச்சு. அந்தப் பையனும் காலி ரோடைத்தான் பாத்திருக்கான். சைக்கிள்காரர் திடீர்னு வரல, அவர் தினமும் அதே நேரத்துக்கு அதே ரோட்ல மெதுவாத்தான் வந்துட்டிருந்தார். கருவேல மறைப்புக்குப் பின்னாடி இருந்ததால தெரியல.

ஒன்றரை டேப்

எங்க சின்ன மாமா கவர்மென்ட் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவர்கிட்ட இதைப் பத்திப் பேசினப்ப, "வா பாப்பா, போயி பாத்துட்டே பேசலாம்"னு கூட்டிட்டுப் போனார். கையில வீட்டு மனை அளக்கற 30 மீட்டர் டேப். அவர் வளைவுக்கு அந்தப் பக்கம் டிவிஎஸ் ஃபிஃப்டிய நிறுத்திட்டு பக்கத்துல நின்னார், நான் இந்தப் பக்கம் ரோட்டோட இடது ஓரத்துல பின்னாடியே நடந்தேன், எந்த இடத்துல அவர் புதருக்குள்ள மறையறாரோ அங்க நின்னு கத்தினேன். ரெண்டு பேரும் டேப்ப புடிச்சு ரோடு மேலயே அளந்தோம். ஒன்றரை டேப் வந்துச்சு. 45 மீட்டர். அந்த வளைவுல ஒரு டிரைவருக்குத் தெரியற ரோடு அவ்ளோதான்.

இந்த 45 மீட்டர வெச்சு என்ன பண்ணணும்ங்கறதுக்கு நாட்டுல ஒரு அளவு ஏற்கனவே இருக்கு. ரோடு டிசைன் பண்றவங்க இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்ங்கற ரோடு இன்ஜினியர்கள் அமைப்பு போட்ட கணக்கத்தான் வெச்சுக்கறாங்க. எதிர்ல ஒரு தடை தெரிஞ்சா அதைப் பாத்து, புரிஞ்சு, கால் பிரேக்குக்குப் போக 2.5 செகண்ட்னு எடுத்துக்கறாங்க, அதுக்கப்புறம் வண்டி நிக்க ஆகற தூரத்தச் சேக்கறாங்க. அந்தக் கணக்குப்படி 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 45 மீட்டர் வேணும், 60க்கு 80 மீட்டர், 80க்கு 120 மீட்டர். வேகம் ரெண்டு மடங்கு ஆனா தூரம் ரெண்டு மடங்குக்கும் மேல போயிடுது பாருங்க. எழுபதுல போறவர் ஒரு செகண்டுக்கு 19 மீட்டருக்கு மேல போறார், ரெண்டரை செகண்ட்ல 48 மீட்டர் தாண்டிடுவார். அதாவது எங்க ஊர் வளைவுல எழுபதுல வர்றவர் சைக்கிளப் பாத்த நிமிஷத்துலருந்து கால் பிரேக்கத் தொடறதுக்குள்ளயே, அவருக்குத் தெரிஞ்ச ரோடு மொத்தமும் முடிஞ்சு போயிருக்கும். பிரேக் எவ்ளோ நல்லா இருந்தாலும் சரி, ஏபிஎஸ் இருந்தாலும் சரி, அழுத்தினாத்தானே வேலை செய்யும்.

நான் இந்தக் கணக்க மாமாகிட்ட சொல்லி, "அப்ப நாப்பது சரிதான் மாமா, 45 மீட்டர்ல நின்னுடலாம்"னு சொன்னேன். அவர் டேப்ப சுத்திக்கிட்டே தலைய ஆட்டினார். "நீ நிக்கறதுக்கு மட்டுந்தான பாப்பா கணக்கு போடற. எதிர்ல வர்றவன் நிக்க வாணாமா? அவன் உனுக்கு மின்ன அங்கயே வந்து நின்னுட்டிருக்கானா?"

இந்த இடத்துலதான் எனக்கு எல்லாமே மாறுச்சு. எங்க ரோடு ஒரு வண்டி அகலம்தான், இந்த மாதிரி கிராமச் சாலைகளுக்கு பொதுவா தார் அகலம் 3.75 மீட்டர், ரெண்டு கார் எதிர் எதிர வந்தா ஒண்ணு மண்ணுல இறங்கணும். அப்படின்னா அந்த 45 மீட்டர் எனக்கு மட்டும் சொந்தம் இல்ல, எதிர்ல வர்றவருக்கும் சேத்துதான். பாதிப் பாதி பிரிச்சா ஆளுக்கு 22 மீட்டர் சொச்சம். அதே இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அட்டவணையில 20 மீட்டருக்கு நேரா இருக்கற வேகம் மணிக்கு 20. ஒரே தடத்துல ரெண்டு பக்கமும் வண்டி வர்ற ரோட்டுக்கு நிறுத்தத் தூரத்த ரெண்டு மடங்கா வெக்கணும்னு அவங்க விதியே சொல்லுது. மாமா எந்த அட்டவணையும் பாக்காம முப்பது வருஷமா இதைத்தான் செஞ்சிட்டிருந்திருக்கார். அந்த வளைவுக்கு முன்னாடியே பிரேக் போட்டு செகண்ட் கியருக்கு வந்துட்டு, நீளமா ஒரு ஹாரன் அடிச்சிட்டுத்தான் உள்ள போவாராம். "வளைவு உள்ள போயி பிரேக் அடிச்சா வண்டி நம்ம பேச்ச கேக்காது, வெளிய இருக்கும்போதே அடிச்சிட்டு உள்ள போவணும்"னார். டயருக்கு இருக்கற பிடிமானம் ஒரு அளவுதான், திரும்பறதுக்கே அது செலவாகிட்டிருக்கறப்ப பிரேக்குக்கு மிச்சம் கம்மி. அறுவடை சமயத்துல ரோட்ல நெல்லு காய போட்டிருப்பாங்க, ஓரத்துல ஜல்லி பேந்து கிடக்கும், டூவீலருக்கு அந்த மிச்சமும் இருக்காது.

நான் இருபத்தஞ்சுல போனதுக்கு எனக்கே பேர் தெரியாத காரணம் இதுதான். தெரியற ரோட்ல பாதிக்குள்ள நிக்க முடியற வேகம், கணக்குப்படி பாத்தா இருபத்தஞ்சும் கொஞ்சம் கூடத்தான். ரோட்ல வண்டி இருக்கா இல்லயாங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கொழுந்தன் கேட்ட கேள்வி ரோடு காலியா இருக்கறதப் பத்தினது, வளைவுல ரோடு காலியா இருக்கான்னு யாருக்குமே தெரியாது.

போர்டுல இருக்கற நம்பர்

சரி, சட்டம் என்ன சொல்லுதுன்னு பாக்கலாம். 2018 ஏப்ரல்ல மத்திய அரசு ஒரு அறிவிப்பு போட்டுச்சு. காருக்கு எக்ஸ்பிரஸ்வேல 120, நடுவுல தடுப்பு இருக்கற நாலு வழிச் சாலையில 100, மத்த ரோட்ல 70. டூவீலருக்கு மத்த ரோட்ல 60. 2021ல ஒரு விபத்து நஷ்டஈடு வழக்க விசாரிச்ச சென்னை உயர் நீதிமன்றம், வேகத்தைக் கூட்டினா சாவும் கூடும்னு சொல்லி அந்த அறிவிப்பையே ரத்து பண்ணி, 2014ல இருந்த அளவுக்கே போங்கன்னு உத்தரவு போட்டுச்சு. அந்தத் தீர்ப்பு வந்தப்ப எல்லாரும் 120 வேணுமா 100 போதுமான்னுதான் பேசினாங்க. நான் கவலைப்படறது அந்தப் பட்டியலோட கடைசி வரியப் பத்தி, "மத்த ரோடு"ங்கற வரி. இந்த நாட்டுல இருக்கற ஏரிக்கரை ரோடு, வரப்பு ரோடு, புளியந்தோப்பு ரோடு எல்லாத்தயும் ஒரே வார்த்தையில அடக்கி ஒரே நம்பர் குடுத்தா, அந்த நம்பரப் பாக்கற ஆளு அதை அனுமதியாத்தான் எடுத்துக்குவான். உச்ச வரம்புன்னா அதுக்கு மேல போகக்கூடாதுன்னு அர்த்தம், அது வரைக்கும் போலாம்னு இல்ல, ஆனா நடைமுறையில அப்படித்தான் ஆகுது.

நகரத்துல இதப் புரிஞ்சுக்கிட்டாங்க. சென்னையில 2023 நவம்பர்லருந்து கார்களுக்கு 60, டூவீலருக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவுக்குள்ள எல்லாருக்கும் 30னு பிரிச்சு வெச்சாங்க. என் தெருவுல குழந்தைங்க விளையாடுதுங்கறதால 30. எங்க அம்மா ஊர் ரோடும் தெருதான், அதுலயும் குழந்தைங்க ஸ்கூலுக்கு நடந்து போகுதுங்க, நடைபாதை கூட கிடையாது, அந்த 2018 அறிவிப்புல அங்க 70. இத எந்த விதத்துலயும் என்னால ஏத்துக்க முடியல.

யாரோட அவசரம்

2022ல இந்தியாவுல ரோடு விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அதுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல கிராமப்புறத்துல. அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில முதல் இடம் நம்ம தமிழ்நாடு, 64,105 விபத்து. காயம் பட்டவங்களக் காப்பாத்தறதுல நம்ம மாநிலம் நல்லாவே செய்யுது, 108 இருக்கு, முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சைன்னு 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கு, அதை ஆரம்பிச்சதே எங்க ஊருக்குப் பக்கத்துல மேல்மருவத்தூர்ல. அதெல்லாம் அடிபட்டதுக்கப்புறம்.

அடிபடறது யாருன்னு பாத்தா, எங்க ரோட்ல காருக்குள்ள இருக்கறவங்களுக்கு பெல்ட் இருக்கு, ஏர்பேக் இருக்கு. வெளிய இருக்கறவங்களுக்கு லுங்கியும் துண்டும்தான். நூறு நாள் வேலை முடிச்சு கூட்டமா வர்ற பெண்கள், மாட்ட ஓட்டிட்டு வர்ற தாத்தா, லைட் இல்லாத கரும்பு டிராக்டர், பால் கேன் கட்டின சைக்கிள். பெருங்களத்தூர்ல நாம இழந்த அரை மணி நேரத்துக்கும் இவங்களுக்கும் என்ன சம்பந்தம்? நம்ம லேட்டுக்கு இவங்க ஏன் கால்ல பிளேட் வெச்சுக்கணும்? இதை எழுதறப்ப எனக்குக் கோபம் வருது, வரட்டும்.

ஊர்க்காரங்க கோபம் வேற மாதிரி வெளிய வரும், ஒரு விபத்து நடந்தா மறியல் பண்ணுவாங்க, மறுநாளே மண்ணும் கல்லும் கொட்டி ஒரு வேகத்தடை எழும்பிடும். அவங்க தவிப்பு எனக்குப் புரியுது. ஆனா வளைவுக்குள்ளயே, பெயின்ட்டும் இல்லாம, ராத்திரி தெரியாத ஒரு மேட்டப் போட்டா அடுத்து விழறது ரெண்டாவது ஆட்டம் சினிமா பாத்துட்டு டூவீலர்ல வர்ற அதே ஊர்ப் பையன்தான். வேகத்தடை வேணும்னா வளைவுக்கு நல்லா முன்னாடி, நேரான இடத்துல, போர்டோட போடணும். ராத்திரி ஹெட்லைட்டும் வளைவுல உதவாது, வண்டி திரும்பற வரைக்கும் வெளிச்சம் நேரா வயலுக்குத்தான் போகும்.

நானும் மாமாவும் கேட்டது பெரிய காசு செலவாகற விஷயம் இல்ல. ரோடை நேராக்கச் சொல்லல, ஏரிக்கரைய வெட்டவும் சொல்லல. வளைவோட உள்பக்கம் இருக்கற சீமைக்கருவேலத்த வெட்டுங்க, ரெண்டு பக்கமும் அம்புக்குறிப் பலகை வைங்க, வளைவுக்கு முன்னாடி 20ன்னு போர்டு வைங்க, எதிர்ல வர்றது தெரியற மாதிரி ஒரு குவிகண்ணாடி வைங்க. அக்டோபர் 2 கிராம சபையில மாமா எழுந்து நின்னு இதைச் சொன்னார், டேப்ல அளந்த அளவ பேப்பர்ல எழுதி குடுத்தார், பால்காரரோட பொண்ணும் பேசுச்சு. தீர்மானம் போட்டாங்க. புதர் வெட்டியாச்சு, ஊர் ஆளுங்களே சேந்து ஒரு ஞாயித்துக்கிழமை வெட்டினாங்க, மறுபடி அளந்தப்ப 70 மீட்டர் வரைக்கும் தெரியுது. ஆளுக்கு 35, அப்படின்னா முப்பதுல தாராளமா போலாம். கருவேலம் ஒரு மழைக்கு மறுபடி தழைச்சிடும், அதனால வருஷா வருஷம் வெட்டணும்னும் தீர்மானத்துல சேத்திருக்காங்க.

பலகையும் போர்டும் இன்னும் வரல. கொழுந்தன்கிட்ட டேப் கணக்க சொன்னேன், அவன் இன்ஜினியர், சொன்ன உடனே புரிஞ்சுது, "அப்ப புதர் வெட்டலன்னா இருபதா அண்ணி?"ன்னு ரெண்டு தடவ கேட்டான். அடுத்த கிராம சபை ஜனவரி 26. போர்டு அதுக்குள்ள வரலன்னா மாமாகூட நானும் போறதா இருக்கேன், ஊர்ல ஓட்டு இல்லாததால நான் பேச முடியாது, பக்கத்துல உக்காந்து அளவு எழுதின பேப்பர எடுத்துக் குடுக்கலாம்.